கமராவை ஒருக்கா இந்தப் பக்கமும் திருப்புங்கோ

கொஞ்சக் காலமாக எங்கட முகநூலில் ஒரே மாதிரியான செய்திகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. கண் அசைவை வைத்து ஓட்டிசத்தைக் கண்டுபிடிக்கிற கருவி. பிள்ளை குழம்பப்போகுது எண்டு முன்கூட்டியே சொல்லுகிற கைப்பட்டி. ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குக் கைகாட்டவும் முகம் பார்க்கவும் பழக்குகிற ரோபோ. கீழே வரிசையாக இதயக் குறிகள். "விஞ்ஞானம் எங்கேயோ போட்டுது" எண்டு கருத்துகள்.

இவை பொய்ச் செய்திகள் இல்லை. பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் உண்மையான ஆய்வு இருக்கிறது. நாங்கள் இந்தக் கருவிகளுக்கு எதிரான ஆக்களும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம், ஏனெண்டால் எங்கட ஊரில் எதைப் பற்றியாவது ஒரு கேள்வி கேட்டால் உடனே "அப்ப வேண்டாம் எண்டு சொல்லுறீங்களோ?" எண்டு கேட்கிற பழக்கம் இருக்கு. எங்கட கேள்வி வேறு. இந்தக் கருவிகள் எல்லாவற்றிலும் கமரா பிள்ளையைப் பார்த்துத்தான் நிற்கிறது. அந்தப் பிள்ளையைச் சுற்றி நிற்கிற எங்களை அது பார்ப்பதேயில்லை. ஏன்?

கண் எங்கே பார்க்குது?

1943 இல் லியோ கானர் அமெரிக்காவில் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஓட்டிசம் என்ற சொல்லை இன்றைய பொருளுக்குக் கொண்டு வந்தது. அவரிடம் இருந்தவை கண்ணும் காதும் பேனையும், பெற்றோர் சொன்ன கதைகளும்தான். அதற்குப் பிறகு பல காலம் ஓட்டிசத்தைப் பார்ப்பது என்பது ஒரு மனிதர் இன்னொரு மனிதரைப் பார்த்துக் குறிப்பு எழுதுவதாகவே இருந்தது.

இந்த நூற்றாண்டில் அந்த இடத்துக்குக் கருவி வந்தது. கண்ணசைவைத் தொடரும் கருவி வேலை செய்யும் முறை பெரிய மந்திரமில்லை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைக் கண்ணில் பட விடுவார்கள். விழியில் அது தெறிக்கிற இடத்தையும் கண்மணியின் நடுவையும் ஒரு கமரா ஒரு செக்கனுக்குள் பல தடவை படம் பிடிக்கும். இரண்டையும் வைத்துத் திரையில் எந்தப் புள்ளியைப் பார்க்கிறார் எண்டு கணக்குப் போடும்.

2002 இல் ஆமி கிளின், வொரன் ஜோன்ஸ் ஆகியோரின் குழு ஓட்டிசம் உள்ள 15 பேருக்கும் இல்லாத 15 பேருக்கும் ஒரு பழைய ஹொலிவூட் படத்தின் காட்சிகளைப் போட்டுக் காட்டியது. நாலு பேர் ஒரு வீட்டுக்குள் இருந்து சண்டை பிடிக்கிற படம். ஓட்டிசம் இல்லாதவர்கள் பெரும்பாலும் நடிகர்களின் கண்களைப் பார்த்தார்கள். ஓட்டிசம் உள்ளவர்கள் வாயையும், உடம்பையும், அறையில் இருந்த பொருட்களையும் கூடுதலாகப் பார்த்தார்கள். இதுதான் உலகம் முழுக்கப் பரவிய முடிவு.

அதே ஆய்வில் இன்னொரு முடிவும் இருக்கு. அதை ஆக்கள் அவ்வளவாகக் கதைப்பதில்லை. ஓட்டிசம் உள்ளவர்களுக்குள், வாயைக் கூடுதலாகப் பார்த்தவர்கள்தான் மற்றவர்களோடு பழகுவதில் ஓரளவு நன்றாக இருந்தார்கள். கண்ணைப் பார்த்த நேரத்துக்கும் அதற்கும் அப்படிச் சம்பந்தம் தெரியவில்லை. யோசித்துப் பாருங்கோ. "பிழையான இடத்தைப் பார்க்கினம்" எண்டு நாங்கள் நினைத்தது, கதையைப் பிடிக்க அவர்கள் கண்டுபிடித்த வழியாக இருக்கலாம். வாயில்தானே சொல் வருது!

கருவி சரியாகத்தான் அளந்தது. எது சரி, எது பிழை எண்டு தீர்மானித்தது கருவி இல்லை, நாங்கள்.

எங்களுக்கு இது ஏன் தேவை

இதுக்காக "கருவி வேண்டாம், பழைய முறையே காணும்" எண்டு சொல்ல ஏலாது. பழைய முறை எங்கட ஆக்களுக்கு என்ன தந்திருக்கு எண்டு எல்லாருக்கும் தெரியும். இலங்கையில் சிறுவர் உளவியல் மருத்துவர்கள் குறைவு. தமிழில் வேலை செய்யக்கூடிய பேச்சுச் சிகிச்சையாளர்கள் அதைவிடக் குறைவு. வன்னியில் இருந்தும் மட்டக்களப்பில் இருந்தும் மலையகத் தோட்டங்களில் இருந்தும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நகரத்துக்குப் போகிற தாய்மாரை நாங்கள் சந்தித்திருக்கிறோம். ஒருவர் சொன்னார்: "விடிய ரெண்டு மணிக்கு வெளிக்கிட்டு மூண்டு பஸ் மாறிப் போனனாங்கள். பிள்ளை களைச்சுப்போய்க் கத்தினவன். அவை பாத்தது அந்தப் பத்து நிமிசத்தை மட்டும்தான். வீட்டில அவன் எப்பிடி எண்டு ஆரும் கேக்கேல்ல."

அந்தத் தாயின் வீட்டிலேயே, அவருக்குத் தெரிந்த மொழியில், பிள்ளை பழகிய பாயில் இருந்துகொண்டே பார்க்கக்கூடிய ஒரு முறை வந்தால் அது பெரிய விசயம். டெல்லியில் அப்படி ஒரு முயற்சி நடந்திருக்கிறது. 'ஸ்டார்ட்' என்ற டப்லெட் செயலியை, நிபுணர்களாக இல்லாத சாதாரண சுகாதாரப் பணியாளர்கள் வசதி குறைந்த குடும்பங்களின் வீடுகளுக்கே கொண்டு போய், 2 முதல் 7 வயது வரையான 131 பிள்ளைகளோடு சோதித்தார்கள். பிள்ளை விளையாடுகிறது, படம் பார்க்கிறது, திரையைத் தொடுகிறது. செயலி அதைப் பதிகிறது. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தின் குழுவும் இதே திசையில் ஒரு செயலியைச் செய்து 2023 இல் முடிவுகளை வெளியிட்டது. பிள்ளைகளின் வழமையான மருத்துவப் பரிசோதனைக்கு வந்த 475 சின்னப் பிள்ளைகள் அதில் பங்குபற்றினார்கள்.

ஊர்க் கிளினிக்கில் நிறை பார்க்கிற மிட்வைஃபின் கையில் இப்படி ஒன்று இருந்தால், ஐந்து வயதில் தெரிய வருவது இரண்டு வயதில் தெரிய வரலாம். அந்த மூன்று வருசம் சின்ன விசயமில்லை.

எண்களை ஊருக்குக் கொண்டு வந்தால்

ஆனால் எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேணும்.

அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2021 இல் 'கன்வஸ் டிஎக்ஸ்' என்ற மென்பொருளை அனுமதித்தது. பெற்றோரின் பதில்கள், வீட்டு வீடியோக்கள், மருத்துவரின் பதில்கள் மூன்றையும் சேர்த்துப் பார்த்து ஓட்டிசமா இல்லையா எண்டு சொல்ல உதவுவது அது. அனுமதிக்கு அடிப்படையாக இருந்த ஆய்வில் 425 பிள்ளைகள். அதில் 32 வீதமானவர்களுக்குத்தான் அது ஒரு முடிவைச் சொன்னது. மற்றவர்களுக்கு "சொல்ல ஏலாது" எண்டு நின்றுவிட்டது. எங்களுக்கு இதில் குறை இல்லை. தெரியாததைத் தெரியாது எண்டு சொல்லுகிற கருவி நல்ல கருவி. ஆனால் முகநூலில் பகிரப்படுகிற செய்தியில் அந்த 32 வீதம் வருவதில்லை.

2022 இல் 'ஏர்லிபொயின்ட்' என்ற கண்ணசைவுக் கருவி அனுமதி பெற்றது. அந்த அனுமதி 16 முதல் 30 மாதம் வரையான பிள்ளைகளுக்கானதாக இருந்தது. 2023 இல் வெளிவந்த ஆய்வின்படி, ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் 71 வீதமானோரை அது சரியாகக் கண்டது. ஓட்டிசம் இல்லாதவர்களில் 80.7 வீதமானோரை இல்லை எண்டு சரியாகச் சொன்னது. நிபுணர்களின் கிளினிக்குகளுக்கு, ஏற்கெனவே சந்தேகத்தோடு வந்த பிள்ளைகளிடம் கிடைத்த எண்கள் இவை. அந்த இடத்துக்கு நல்ல எண்கள்தான்.

இதே எண்களை எங்கட ஊர்க் கிளினிக்குக்குக் கொண்டு வந்து ஒரு கணக்குப் போடுவோம். இலங்கையில் பேராசிரியர் ஹேமமாலி பெரேராவின் குழு 2009 இல் வெளியிட்ட ஆய்வில், 18 முதல் 24 மாதம் வரையான பிள்ளைகளில் 93 பேருக்கு ஒருவர் எண்டு கண்டார்கள். அப்படியெண்டால் 1000 பிள்ளைகளில் ஏறத்தாழ 11 பேர். கருவி அந்த 11 பேரில் 8 பேரைப் பிடிக்கும், 3 பேரை விட்டுவிடும். மிச்சமுள்ள 989 பேரில் ஏறத்தாழ 190 பேருக்கு ஓட்டிசம் இருக்கலாம் எண்டு பிழையாகச் சொல்லும். மொத்தம் 200 தாய்மார் பயந்துகொண்டு வரிசையில் நிற்பார்கள். அதில் 8 பேருக்குத்தான் அந்த வரிசை உண்மையில் தேவை. ஏற்கெனவே நீண்டு கிடக்கிற வரிசையை இந்தக் கருவி குறைக்குமா, கூட்டுமா?

கருவி கெட்டது எண்டு இதற்கு அர்த்தமில்லை. ஒரு இடத்துக்கு அளந்து தைத்த சட்டையை இன்னொரு இடத்தில் அப்படியே போட ஏலாது, அவ்வளவுதான்.

பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புமோ?

பெரேராவின் அந்த ஆய்வில் எங்களுக்கு மிக முக்கியமான இன்னொரு பாடம் இருக்கு. உலகம் முழுக்கப் பயன்படுகிற 'எம்-சட்' என்ற கேள்விப் பட்டியலை அவர்கள் இங்கே சோதித்தார்கள். ஓட்டிசம் இருந்த பிள்ளைகளில் நாலில் ஒரு பங்கைத்தான் அது பிடித்தது. தாய்மார் பொய் சொன்னார்கள் எண்டில்லை. கேள்வி வேறோர் இடத்தில் இருந்து வந்தது. அதற்குப் பிறகு அவர்கள் படங்களை வைத்தே பெற்றோரிடம் கேட்கிற ஒரு முறையை உருவாக்கி, 2017 இல் அதைப் பற்றி எழுதினார்கள். வெளியில் இருந்து வந்த கருவியைக் கும்பிடவும் இல்லை, தூக்கி எறியவும் இல்லை. எங்கட தாய்மாருக்கு விளங்குகிற மாதிரி ஒன்றைச் செய்தார்கள். நாங்கள் கேட்பது இந்தப் பாதையைத்தான்.

இன்றைய செயலிகளிலும் இதே சிக்கல் இருக்கிறது. பல சோதனைகளில் வருகிற ஒன்று, பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறதா என்பது. எங்கட வீடுகளில் பிள்ளைக்கு எத்தனை பேர்? பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் எண் சாத்திரம் பார்த்து வைத்த ஒரு பேர். அதைப் பள்ளிக்கூடம் போகும் வரைக்கும் ஒருத்தரும் கூப்பிட மாட்டினம். வீட்டில் அப்பு, குட்டி, தம்பி. அம்மம்மாவுக்கு வேறொன்று. கிளினிக்கில் கொப்பியைப் பார்த்துப் பதிவுப் பேரைக் கூப்பிட்டால் எந்தப் பிள்ளை திரும்பும்?

கண்ணைப் பார்ப்பதும் அப்படித்தான். பெரியாக்கள் ஏசும்போது கண்ணுக்குள்ளே பார்த்தால் "என்ன முழிசுறாய்?" எண்டு அடுத்த ஏச்சு விழும். குனிந்து நிற்கிற பிள்ளைதான் எங்களுக்கு நல்ல பிள்ளை. ஆளைப் பார்த்து விரல் நீட்டினால் கையைத் தட்டிவிடுவோம். இரண்டு வயதுப் பிள்ளையிடம் இது எவ்வளவு தூரம் தெரியும் என்பது ஆராய வேண்டிய கேள்வி. ஆனால் ஆராயாமல் அமெரிக்கப் பிள்ளையின் கண்ணசைவை எங்கட பிள்ளைக்கு அடிமட்டமாக வைக்க ஏலாது.

குரலும் இதே கதைதான். 2010 இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், சட்டைப் பையில் சின்ன ஒலிப்பதிவுக் கருவியை வைத்து 232 பிள்ளைகளின் 1,486 முழுநாள் ஒலிப்பதிவுகளை எடுத்தார்கள். பிள்ளையின் குரலை வைத்தே ஓட்டிசத்தைப் பிரித்தறிய முயன்றார்கள். நல்ல முயற்சி. ஆனால் அவை அமெரிக்க வீடுகளின் சத்தம். எங்கட வீட்டில் ஒரே கூரைக்குள் ஏழு பேர், ரீவியில் நாடகம், முற்றத்தில் கோழி, வெளியில் கோயில் லவுட்ஸ்பீக்கர். அதற்குள் ஒரு பிள்ளையின் குரலைப் பிரித்தெடுக்கக் கருவியை இங்கே, தமிழில், சிங்களத்தில் பழக்க வேணும்.

விளங்காதது ஆருக்கு?

இப்போது எங்கட முக்கியமான கேள்விக்கு வருவோம்.

2012 இல் டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர் ஒரு கருத்தை முன்வைத்தார். அவரும் ஓட்டிசம் உள்ளவர். ஓட்டிசம் உள்ள ஒருவரும் இல்லாத ஒருவரும் சந்திக்கும்போது விளங்காமல் போவது இரண்டு பக்கமும்தான் என்பது அவரது வாதம். அவருக்கு எங்களை விளங்கவில்லை. எங்களுக்கும் அவரை விளங்கவில்லை. ஆனால் 'குறைபாடு' எண்டு எழுதப்படுவது ஒரு பக்கத்தில் மட்டும்.

இது வெறும் தத்துவமில்லை, சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2020 இல் வெளிவந்த ஓர் ஆய்வில் எட்டுப் பேரை வரிசையாக வைத்து, ஒருவர் கேட்ட கதையை அடுத்தவருக்குச் சொல்லச் சொன்னார்கள். ஓட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையில் கதை, ஓட்டிசம் இல்லாதவர்களின் வரிசையில் போன அளவுக்கு நன்றாகவே போய்ச் சேர்ந்தது. இரண்டு பகுதியும் கலந்து நின்ற வரிசையில்தான் கூடுதலாகத் தொலைந்தது. 2025 இல் 311 பேரோடு பெரிதாகத் திரும்பச் செய்தபோது கலந்த வரிசையிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. விஞ்ஞானம் அப்படித்தான், திரும்பச் செய்து பார்க்கும். ஆனால் இரண்டு தடவையும் ஒரு விசயம் மாறவில்லை: ஓட்டிசம் உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் கதை சொல்லுவதில் குறைந்தவர்கள் இல்லை.

இன்னொன்று. 2017 இல் நோவா சாசனும் அவரது குழுவும் கமராவை உண்மையாகவே மற்றப் பக்கம் திருப்பினார்கள். ஓட்டிசம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் கதைக்கிற சின்னத் துண்டுகளைச் சாதாரண ஆக்களுக்குப் போட்டுக் காட்டி, "இவரோடு பழக விருப்பமோ?" எண்டு கேட்டார்கள். வீடியோவாகப் பார்த்தாலும், குரலாகக் கேட்டாலும், ஒரு நிழற்படமாகப் பார்த்தாலும், ஓட்டிசம் உள்ளவர்களோடு பழகும் விருப்பம் குறைவாகவே இருந்தது. சில செக்கன்களுக்குள் வந்த தீர்ப்பு. ஆனால் அவர்கள் சொன்ன வார்த்தைகளை மட்டும் எழுத்தில் கொடுத்தபோது அந்த வித்தியாசம் இல்லாமல் போனது.

அதாவது, அவர்கள் சொன்ன விசயத்தில் குறை இருக்கவில்லை. கேட்டவர்கள் காது கொடுக்க முதலே முடிவெடுத்துவிட்டார்கள். இந்த நோய்க்கு எந்த நிறுவனம் செயலி செய்யப்போகுது?

அந்த ஒரு நிமிடம்

2019 இல் மத்தியூ குட்வினின் குழு ஓட்டிசம் உள்ள 20 இளம் பிள்ளைகளுக்கு ஒரு கைப்பட்டியைக் கட்டி, இதயத் துடிப்பு, வியர்வை, அசைவு போன்றவற்றை அளந்தது. பிள்ளை மற்றவர்களை அடிக்கப்போவதை ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்கு முன்னரே ஊகிக்க முடியும் எண்டு காட்டினார்கள். கதைக்க ஏலாத ஒரு பிள்ளையின் உடம்பு "எனக்கு ஏலாமல் கிடக்கு" எண்டு சொல்லுவதை ஒரு கருவி கேட்கிறது. இதை நாங்கள் மதிக்கிறோம்.

ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் நாங்கள் என்ன செய்யப்போகிறோம்? லைட்டை அணைக்கலாம், சத்தத்தைக் குறைக்கலாம், பிள்ளையை வெளியில் கூட்டிப்போகலாம், கொடுத்த வேலையை நிறுத்தலாம். அல்லது நாலு பேர் வந்து கையைக் காலைப் பிடிக்கலாம். கைப்பட்டி இரண்டுக்கும் உதவும். எது நடக்கும் என்பதைப் பக்கத்தில் நிற்கிற ஆள்தான் தீர்மானிக்கிறார்.

உலக சுகாதார நிறுவனத்தின் 1999 ஆம் ஆண்டு வழிகாட்டி, பாடம் நடக்கும்போது வகுப்பறையின் பின்னணிச் சத்தம் 35 டெசிபெலைத் தாண்டக்கூடாது என்கிறது. எங்கட பள்ளிக்கூடங்களில் இரண்டு வகுப்புக்கு நடுவில் ஒரு தட்டிதான் இருக்கும், சில இடங்களில் அதுவும் இல்லை. சத்தத்தை அளக்கிற செயலி இன்றைக்கு எல்லாருடைய போனிலும் போடலாம். பிள்ளையின் இதயத் துடிப்பை அளக்க முதல் வகுப்பறையின் சத்தத்தை ஒருக்கா அளந்து பார்க்கலாமே? ரீச்சர் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்கு எத்தனை செக்கன் பொறுக்கிறார் எண்டு எண்ணலாமே? இடைவேளையில் அந்தப் பிள்ளையை மற்றப் பிள்ளைகள் எத்தனை தடவை விளையாடக் கூப்பிட்டார்கள் எண்டு குறிக்கலாமே? இதுவும் ஓட்டிசத்தைப் பற்றிய நடத்தை ஆய்வுதான். ஆராயப்படுவது எங்கட நடத்தை.

நாங்கள் கேட்பது

முதலாவது, பிறகு என்ன எண்டு தெரியாமல் கண்டுபிடிக்கிற கருவியை மட்டும் கொண்டு வராதீர்கள். "இருக்கலாம்" எண்டு ஒரு செயலி சொன்ன பிறகு தமிழில் கதைக்கிற ஒரு சிகிச்சையாளரோ, உதவி செய்கிற ஒரு ரீச்சரோ இல்லையெண்டால், அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தது ஒரு பேர் மட்டும்தான். எங்கட சமூகத்தில் அப்படி ஒரு பேர் என்ன செய்யும், அக்காவின் கலியாணப் பேச்சு வரைக்கும் எப்படிப் போகும் எண்டு உங்களுக்கும் தெரியும்.

இரண்டாவது, பதிவுகள் ஆரிடம் போகுது எண்டு பெற்றோருக்கு விளங்குகிற தமிழில் சொல்ல வேணும். வீடியோ, குரல், கண்ணசைவு எல்லாம் ஒரு பிள்ளையின் தனிப்பட்ட தரவுகள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவையும் பிள்ளைகளின் தரவையும் விசேட வகையாகப் பார்க்கிறது. ஆனால் அதன் முக்கியமான பகுதிகள் குறித்த காலத்துக்கு அமுலுக்கு வராமல் பின்தள்ளப்பட்டன. சட்டம் முழுசாக வரும் வரைக்கும் பிள்ளையின் முகம் காத்துக்கொண்டு இராது. ஐரோப்பிய ஒன்றியம் பள்ளிக்கூடங்களிலும் வேலைத்தலங்களிலும் முகத்தைப் பார்த்து உணர்ச்சியை ஊகிக்கிற செயற்கை நுண்ணறிவை, மருத்துவ, பாதுகாப்புத் தேவைகள் தவிர, 2025 பெப்ரவரியில் இருந்து தடைசெய்திருக்கிறது. இங்கே அந்தக் கதையே இன்னும் தொடங்கவில்லை.

மூன்றாவது, ஓட்டிசம் உள்ள ஆக்களைத் தொடக்கத்திலேயே கூப்பிடுங்கோ. 2021 ஓகஸ்டில் பிரித்தானியாவில் 10,000 பேரின் மரபணுவைச் சேர்க்கப்போவதாக 'ஸ்பெக்ட்ரம் 10கே' என்ற ஆய்வைத் தொடங்கினார்கள். எங்களை ஆர் கேட்டது, இந்தத் தரவு நாளைக்கு எதற்குப் பயன்படும் எண்டு ஓட்டிசம் உள்ளவர்களே கேள்வி எழுப்ப, சில வாரங்களுக்குள் ஆய்வை இடைநிறுத்த வேண்டி வந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தால் ஏலாமல் போனது இங்கே சும்மா நடந்துவிடும் எண்டு நினைக்க ஏலாது. இலங்கையில் வளர்ந்த ஓட்டிசம் உள்ள ஆக்கள் இருக்கினம். வேலைக்குப் போகினம், கம்பஸில படிக்கினம், சிலர் வீட்டுக்குள்ளேயே இருக்கினம். அவர்களைப் பற்றிய கூட்டங்களில் அவர்களுக்கு ஒரு கதிரை கூடப் போடுவதில்லை.

நாலாவது, எங்கட வயது ஆக்களுக்கு. கம்பஸில் மென்பொருள் படிக்கிற, இறுதி வருடப் புரொஜெக்டுக்கு "ஓட்டிசத்தைக் கண்டுபிடிக்கும் செயலி" எண்டு தலைப்பு எடுக்கப்போகிற நண்பர்களே, எடுங்கோ, நல்ல விசயம். ஆனால் இணையத்தில் கிடக்கிற ஒரு தரவுத்தொகுப்பை இறக்கி, இத்தனை வீதம் துல்லியம் எண்டு ஒரு வரைபடம் போட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒரு கிளினிக்குக்குப் போங்கோ. ஒரு தாயோடு கதையுங்கோ. ஓட்டிசம் உள்ள ஒருவரிடம், "உங்களுக்கு என்ன அளந்தால் பிரயோசனம்?" எண்டு கேளுங்கோ. தன்ர கண் எங்கே பார்க்குது எண்டு தெரிந்துகொள்வதை விட, பஸ்ஸுக்குள் எந்த நேரம் சத்தம் குறைவு எண்டு தெரிந்துகொள்வது அவருக்குத் தேவையாக இருக்கலாம்.